கிளை நூலகத்தில் பெண்கள் கழிவறையைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்: வாசகர் வட்ட உறுப்பினர்கள், கிளை நூலகம், பஸ் நிலையம் எதிரில்.

பெறுநர்: மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்.

பொருள்: பெண்கள் கழிவறையைச் சீர்செய்து திறந்துவிடக் கோருதல்.

பார்வை: இதே பொருளில் முன்பு நாங்கள் அளித்த மனுக்கள். பதில் ஏதும் வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் 75 ஆண்டுகளை நிறைவு செய்ததையொட்டி எங்கள் நூலகத்தில் நடந்த விழாவுக்குத் தாங்கள் வருகை தந்தமைக்கு நன்றி. எனவே இடத்தை விளக்க வேண்டியதில்லை. தாங்கள் குத்துவிளக்கு ஏற்றிய இடத்துக்கு நேர் பின்னால் ஒரு பச்சைக் கதவு உண்டு. அதுதான் பெண்கள் கழிவறை. அன்று அதன்மேல் நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் படம் போட்ட பேனர் கட்டியிருந்ததால் தங்கள் பார்வையில் பட்டிருக்காது.

1. மோட்டார் பழுதாகி மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாததால் அக்கழிவறை பூட்டப்பட்டது. பிறகு இடப்பற்றாக்குறையால் பழைய வார இதழ்க் கட்டுகளை உள்ளே அடுக்கிவிட்டார்கள். நூலகரைக் குறை சொல்ல மாட்டோம். புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் கூட்டிப் பெருக்குவதும் அவர் ஒருவரே.

2. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் காலையில் வந்தால் மாலைவரை இங்கேதான் இருக்கிறார்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிறார்கள், குடிப்பதில்லை. குடித்தால் சாலையைக் கடந்து பஸ் நிலையக் கட்டணக் கழிப்பிடத்துக்குப் போக வேண்டும். திரும்பி வருவதற்குள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். மாதவிடாய் நாட்களில் பலர் வருவதே இல்லை. சிறுநீர்த் தொற்று வந்த ஒரு பெண்ணை, "படித்தது போதும், வீட்டில் இரு" என்று அவள் தாயார் நிறுத்திவிட்டார். நன்றாகப் படிக்கிற பெண், ஐயா. ஆண்களுக்கு என்ன, சுற்றுச்சுவர் ஓரம் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த நாற்றம் ஜன்னல் வழியாகச் சிறுவர் பகுதிக்குள் வருகிறது.

3. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம்.

4. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம்முடையது என்று விழாவில் பேசினார்கள். எங்களுக்கும் பெருமைதான், கை தட்டினோம். நூலகங்களுக்கு ரங்கநாதன் வகுத்த 5 விதிகளையும் ஒருவர் வாசித்தார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது நான்காவது விதி. கழிப்பிடம் தேடி ஒரு பெண் பஸ் நிலையம்வரை போய்வரும் நேரம் எந்தக் கணக்கில் சேரும்? நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. கழிவறையில் கட்டிப் போட்டிருக்கும் இதழ்களை யார் பயன்படுத்துவது? விழாவுக்காக முன்சுவருக்கு வெள்ளையடிக்கப் பணம் இருந்தது, விருந்தினர்களுக்குச் சால்வையும் நினைவுப் பரிசும் வாங்கப் பணம் இருந்தது, ஒரு மோட்டாரைப் பழுதுபார்க்க மட்டும் "நிதி ஒதுக்கீடு வரவில்லை" என்றால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? பேனரைக் கட்ட வந்தவர் அந்தப் பூட்டைப் பார்த்திருப்பாரே!

5. கழிவறையைத் திறந்துவிடுங்கள், ஐயா.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டும். மோட்டாரைச் சரிசெய்து, இதழ்க் கட்டுகளுக்கு ஓர் அலமாரி தந்து, பெண்கள் கழிவறையைத் திறக்க உத்தரவிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கட்டுகளைத் தூக்கி வைக்க நாங்களே வருகிறோம். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் வேண்டாம். எந்தத் தேதியில் திறக்கப்படும் என்று எழுதுங்கள், போதும்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர்கள்

(இணைப்பு: வாசகர்களின் கையொப்பத் தாள்கள், பூட்டிய கதவின் புகைப்படம்)