தற்காப்புக்குப் பின் எவ்வளவு பேசலாம்?

ஐயா,

வீடு புகுந்த திருடனை அடித்துவிட்டுக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர், ‘நியாயம் என் பக்கம்தானே, எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்’ என்றுதான் நினைப்பார். சிக்கலே அங்குதான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் தாக்கியிருந்தால் அந்த உரிமை துணைக்கு வராது. தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பும் நம்முடையது. படபடப்பில் ‘ஆத்திரத்தில் இன்னும் இரண்டு போட்டேன்’ என்று வாய்தவறினால்? போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, சரி. ஆனால் அதைக் கொண்டு, நாம் அடித்த கட்டையைப் போலீஸ் கண்டெடுத்தால், கட்டை கிடைக்க வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். விசாரணையின் போக்கும் அதோடு மாறிவிடும்.

அதற்காக ஓடி ஒளிவதும் தப்பு. 112-ஐ அழைத்து, ‘தாக்க வந்தான், தடுத்தேன், ஆம்புலன்ஸ் அனுப்புங்கள்’ என்று சொல்லலாம். நம் காயங்களையும் அரசு மருத்துவமனையில் பதிவு செய்துவிட வேண்டும். மற்றதெல்லாம் வழக்கறிஞரைக் கலந்த பிறகு. கைதானவர் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம் (முழு நேரமும் கூடவே வைத்துக்கொள்ள முடியாது). வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவி எண் 15100 இருக்கிறது. அதைக் காவல் நிலைய வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன?

ஒரு வாசகர்,
திருச்சி