குடைந்து பார்க்க நேரம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் நூலக, தகவல் அறிவியல் படிக்கும் மாணவி. புதிய இணையக் கருவிகளைப் பாடத்தில் சேர்த்திருப்பது நல்ல விஷயம்தான். ஆனால் வகுப்பில் நடப்பதென்னவோ எதை எங்கே அழுத்த வேண்டும் என்ற மனப்பாடம். தேர்வு வருவதற்குள் பொத்தான் இடம் மாறிவிடுகிறது. சில சமயம் கருவியே காணாமல் போகிறது. பல இணையதளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை எத்தனை பேர் நம்பியிருந்தார்கள்! 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். தாங்கள் படித்துவந்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் (இத்தகைய செயலிகள் பலவற்றுக்கும் பொதுவான வடிவம்) கோப்பாக இறக்கி வைத்தவர்கள் அதை அப்படியே வேறொரு செயலியில் ஏற்றிக்கொண்டார்கள்.

மேற்கோள்களைத் தொகுக்க உதவும் சோட்டேரோ மென்பொருளில், ஒரு கட்டுரைக்கென்றே தரப்படும் அடையாள எண்ணான டிஓஐயைக் கொடுத்தால் தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் நொடியில் வந்து விழும். எனக்கும் விழுந்தது. ஆனால் குடும்பப் பெயரே இல்லாத ஒருவரின் தலைப்பெழுத்து குடும்பப் பெயராகிவிட, மேற்கோள் பட்டியலில் அவர் 'கே, எம்.' என்று நின்றார். சொந்தப் பெயர் வெறும் 'எம்.' ஆகச் சுருங்கிவிட்டது! பெயருக்கான இரண்டு கட்டங்களை ஒன்றாக்கும் வசதி பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம். பதிப்பகம் அனுப்பிய கட்டுரை விவரங்களிலேயே பிழை இருக்கலாம் என்று புரிய ஒரு வாரம். (பாவம், அதுவரை மென்பொருளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.)

கல்லூரிகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது கணினி ஆய்வகத்தை எங்களிடம் விடட்டும். தப்பு செய்து, நாங்களே திருத்திக்கொள்கிறோம். மதிப்பெண் போடாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு தகவல் அறிவியல் மாணவி