முழங்கால் விரிசல்

டேய் சேகர்,

நாலு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டு வாங்கத் தயார். இங்கே எல்லோரும் நலம், மாமியாரின் முழங்கால் உட்பட. நலமில்லாத இன்னொரு முழங்காலின் படத்தை, உன் கண்டம் (Gundam) ரோபோ பிளாஸ்டிக் மாடலின் முழங்கால்தான், நீ அனுப்பியிருந்தாயே, அதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்று இடத்தில் விரிசல். "நான் ஒன்றுமே பண்ணலை, பள்ளங்களில் கறுப்புக் கோடு மட்டும்தான் போட்டேன்" என்கிறாய். ஊறுகாய் பாட்டில் விவகாரத்திலும் இதைத்தான் சொன்னாய்! உன் கண்டமை உடைத்தது அந்தக் கறுப்புக் கோடுதான்.

1/100 (நிஜ அளவில் நூற்றில் ஒன்று) மாஸ்டர் கிரேடு வகை மாடலில் வெளிக்கவசம் பிஎஸ் (பாலிஸ்டைரீன்) பிளாஸ்டிக். பழைய கிட்களில் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக். மூட்டுகளில் ஒரு பாகம் இன்னொன்றை எப்போதும் இறுக்கிக்கொண்டே இருக்கும். நீ ஊற்றியது எனாமல் மை. அதிலுள்ள தின்னர், இப்படி இழுபட்டு நிற்கிற ஏபிஎஸ்ஸுக்குள் புகுந்தால் போதும், ராத்திரி நன்றாக இருந்த பாகம் காலையில் வாயைப் பிளந்திருக்கும். அதோடு நீ முழுசாகப் பூட்டிய பிறகு ஊற்றியிருக்கிறாய். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மூட்டின் இடுக்கு மையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே நீ துடைத்தாய், உள்ளே அது ஊறிக்கொண்டிருந்தது.

எது எந்த பிளாஸ்டிக் என்று ரன்னரின் (பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) ஓரப் பட்டையிலேயே எழுதியிருக்கும். மானுவலிலும் இருக்கும். நீதான் மானுவல் படிக்கிற ஜாதி இல்லையே. கண்டம் தொடரின் முதல் எபிசோடில் கதாநாயகன் அமுரோ என்ன செய்கிறான்? வயது 15. கண்ணெதிரே அக்கம்பக்கத்து ஜனம் செத்துக்கிடக்கிறது, வெளியே குண்டு விழுகிறது. அந்த நிலைமையிலும் காக்பிட்டில் உட்கார்ந்து மானுவலைப் புரட்டிப் புரட்டித்தானே 18 மீட்டர் இயந்திரத்தை நிற்கவைக்கிறான்! உனக்கு ஞாயிற்றுக்கிழமை, மின்விசிறி, காப்பி எல்லாம் இருந்தும் முடியவில்லை. எதிரி ரோபோவின் பெயர் ஸாக்கு. உன்னிடம் எப்போதும் இருப்பது சாக்கு. (மூர்த்தி இதைத் தன் ஜோக் என்பான். நம்பாதே.)

சரி, வைத்தியம். முழங்காலைக் கழற்றி, மிச்ச மையைத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடு. மயிரிழை விரிசல் என்றால் ஏபிஎஸ்ஸுக்கென்றே வரும் நீர்த்த பசையை பிரஷ் நுனியால் தொட்டு வை. அதுவே உள்ளே ஓடும். இலேசாக அழுத்தி, கிளிப் போட்டு 24 மணி நேரம் தொடாதே. சாதாரண மாடல் பசை பிஎஸ்ஸுக்குத்தான் சரி, ஏபிஎஸ்ஸில் பிடிப்பு குறைவு. ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும், மூட்டுக்குள் வழிந்தால் கால் மடங்கவே மடங்காது. முளை முறிந்து துளைக்குள்ளேயே மாட்டியிருந்தால், இரண்டு பக்கமும் 1 மில்லிமீட்டர் துளையைக் கையாலேயே போட்டு பித்தளைக் கம்பி செருகி ஒட்டு. மின்துளைப்பான் வேண்டாம், அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் உருகும்.

அடுத்த கிட்டுக்கு எனாமலே வேண்டாம். மெல்லிய முனை மார்க்கர் போதும். வெள்ளைப் பாகத்துக்குச் சாம்பல் நிறம், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்பு. வெள்ளையில் கறுப்பு போட்டால் பள்ளிக்கூட நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும், உன்னுடையது அப்படித்தான் இருக்கிறது.

வெட்டும்போது ஒரே வெட்டில் ஒட்ட வெட்டாதே. முதலில் 2, 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, பாகத்தை ரன்னரிலிருந்து பிரித்துவிடு. பிறகு நிப்பரின் (வெட்டும் குறடு) தட்டைப் பக்கம் பாகத்தைப் பார்க்க, அரை மில்லிமீட்டர் விட்டு இரண்டாம் வெட்டு. மிச்சத்தை உப்புத்தாளில் 400, 600, 800, 1000 என்று ஏறுவரிசையில் தேய். நேரே 1000-க்குத் தாவினால் முந்தின கீறல் போகாது. ஒரே வெட்டில் பிளாஸ்டிக் வளைந்து வெள்ளைத் தழும்பு விழும், கருநீலத்தில் அது பளிச்சென்று தெரியும். நெற்றிக்கொம்பின் நுனி மொண்ணையாக இருக்கிறது என்று குறைப்பட்டாயே, அது குழந்தைகள் கண்ணில் குத்தாமலிருக்க வேண்டுமென்றே வைத்தது. தேய்த்துக் கூராக்கிக்கொள்.

பளபளப்பைக் குறைக்கும் மேட் ஸ்ப்ரே அடிப்பதானால் கண்ணாடிப் பாகங்களையும் பீம் வாளையும் கழற்றிவிடு, அவை மங்கிப்போகும். மழை நாளில் டப்பாவைத் தொடவே தொடாதே. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் படியும், வண்ணம் பால் போலத் திரைந்துவிடும்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லையா? 2020-இல் வந்த என்ட்ரி கிரேடு என்ற எளிய வகையை வாங்கு. வந்தபோது 700 யென், நிப்பரே வேண்டாம், கையால் கிள்ளினால் பாகம் வந்துவிடும். 1980 ஜூலையில் வந்த முதல் 1/144 கிட் 300 யென்; ஒட்டிப் பெயின்ட் அடித்தால்தான் உருவம் வரும். 1979-இல் தொடங்கி, பொம்மை விற்கவில்லை என்று 43 எபிசோடிலேயே நிறுத்தப்பட்ட தொடர் கண்டம். அதற்கு அந்த 300 யென் பெட்டிகள் கொடுத்த மறுவாழ்வு கொஞ்சநஞ்சமா! போர் முடிந்த பிறகு மருந்து வந்த கதை.

நீ இப்போது தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே முதல் எபிசோடில் அமுரோ வெட்டிய முதல் ஸாக்குவின் உலை வெடித்து, அவர்கள் வாழும் விண்வெளிக் குடியிருப்பின் சுவரே கிழிகிறது. அதனால் இரண்டாவதை காக்பிட்டில் மட்டும் குத்துகிறான். ஒரே தப்பை இரண்டு தடவை செய்யவில்லை. ஆனால் அந்த ஓட்டை வழியாகத்தான் அவன் அப்பா விண்வெளிக்கு இழுக்கப்படுகிறார், கண்டமை வடிவமைத்த டெம் ரே. ரொம்ப நாள் கழித்து சைடு 6 என்ற இன்னொரு விண்வெளிக் குடியிருப்புத் தொகுதியில் அப்பாவைப் பார்க்கிறான். பிராணவாயு இல்லாமல் மூளை கெட்டுப்போயிருக்கிறது. மகன் எப்படி இருக்கிறான் என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. ஏதோ காலாவதியான ஒரு பாகத்தைக் கையில் திணித்து, கண்டமில் பொருத்தச் சொல்கிறார். வெளியே வந்து அமுரோ அதைத் தரையில் வீசியடிக்கிறான். அந்தக் காட்சியில் நான் பேச மாட்டேன், நீயும் போன் பண்ணாதே.

உன் உடைந்த முழங்காலை வீசிவிடாதே. புதுப் பசையை முதலில் அதில்தான் சோதிக்க வேண்டும்.

உன்
ரவி