செடி பார்க்கப் போன இடத்தில்

பர்மிங்காம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? என்னுடையது நேற்றிலிருந்து மகா மோசம். ஏன் என்று சொல்கிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் என்னை வேல்ஸில் வெல்ஷ்பூலுக்குப் பக்கத்தில் இருக்கும் போவிஸ் கோட்டைக்குக் கூட்டிப் போனார்கள். இங்கே விடுமுறை வந்தால் ஏதாவது ஒரு பழைய பிரபுவின் மாளிகைக்குக் கிளம்பிவிடுவது ஒரு வழக்கம். வாரிசு வரிக்குப் பயந்து பல குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டன. போவிஸ் 1952இல் அவர்களிடம் வந்தது. மகளிடம் உறுப்பினர் அட்டை இருப்பதால் டிக்கெட் கிடையாது, டீக்கு மட்டும்தான் காசு.

குன்றின் மேல் செக்கச்செவேலென்று கோட்டை. கீழே சரிவை வெட்டி, நம் கோவில் குளத்துப் படித்துறையைப் போல அடுக்கடுக்காகத் தோட்டம், 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில் போட்டது. அடுத்த நூற்றாண்டில் 'தோட்டமென்றால் இயற்கையாகத் தெரிய வேண்டும்' என்று ஃபேஷன் மாறி, வேறு பல இடங்களில் இந்த மாதிரி அடுக்குகளை இடித்துத் தள்ளிவிட்டார்கள். இது தப்பித்தது. மேலே யூ என்கிற ஊசியிலை மரத்தாலான வேலி ஒன்று, ஏறக்குறைய 14 மீட்டர் உயரம், மழைக்கு முன் திரண்ட மேகம் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைக் கத்தரிக்க இயந்திரத் தூக்கியில் ஏறுகிறார்களாம். நான் ஏறியது படியில்தான். முழங்கால் கதை புரிந்ததா?

அப்புறம் உள்ளே போனோம். அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திப்பு சுல்தான் சிம்மாசனத்தின் தங்கப் புலித்தலை, மாணிக்கக் கண்ணும் மரகதமுமாக! பக்கத்தில் அவருடைய கூடாரம். பூப்போட்ட சீட்டித்துணியடி அது, நம் பாட்டிகள் வைத்திருந்த மாதிரியே. அதை இந்த வீட்டார் தோட்ட விருந்துக்குப் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள்.

எப்படி வந்தது என்கிறாயா? 1744இல் மதராசுக்குக் குமாஸ்தாவாக வந்த ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், இந்த வீட்டுப் பெண் ஹென்ரியட்டாவைக் கட்டிக்கொண்டார். பெண் வீட்டில் பேரும் கடனும் இருந்தன, மாப்பிள்ளை வீட்டில் இந்தியப் பணம் இருந்தது. எட்வர்ட் 1798இல் மதராஸ் கவர்னரானார். மறு வருஷம் ஆங்கிலேயரோடு நடந்த போரில் திப்பு விழுந்தார், அவர் பொருள்கள் சில கவர்னர் குடும்பத்தின் கைக்கு வந்தன. நாம் சாப்பாட்டு டப்பாவைப் பிரித்து உட்கார்ந்த ராஜாஜி ஹால் படிகள் ஞாபகமிருக்கிறதா? அந்த வெற்றிக்காக எட்வர்ட் கட்டியதுதான் அது, 1802இல் முடிந்தது. நாம் அங்கே உட்கார்ந்து சேமியா உப்புமா தின்றோம்!

தோட்டம் கொள்ளை அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே வந்து அதே பூக்களைப் பார்த்தபோது, இதற்கு உரம் எங்கேயிருந்து வந்தது என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. மகளிடம் சொன்னால், "அம்மா, ஸ்கோன் ஆறுகிறது" என்கிறாள். இங்கே டீயோடு தின்னும் பன் அது.

எனக்குப் பிடித்துப்போனது ஹென்ரியட்டாதான். 1800இல் கணவரை மதராசில் விட்டுவிட்டு, இரண்டு மகள்களோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போய், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம் சுற்றியிருக்கிறார், கல்லும் செடியும் சேகரித்துக்கொண்டே. சின்னவள் சார்லட்டுக்கு அப்போது 12 வயது. அவள் வளர்ந்து, விக்டோரியா இளவரசிக்கு ஆசிரியையாகவும் இருந்தாள். தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றை முதன்முதலாக இங்கிலாந்தில் பூக்க வைத்தவளும் அவள்தான். 1828இல் கிளைவ் என்ற அவள் பிறந்த வீட்டுப் பெயரை வைத்தே அதற்குக் கிளிவியா என்று பெயரிட்டார்கள்.

மகள் வீட்டு ஜன்னலோரம் ஆரஞ்சுப் பூத்தொட்டி ஒன்று இருக்கிறதென்று எழுதியிருந்தேனே, அது கிளிவியாதான்! இன்று காலை தண்ணீர் ஊற்றும்போது, "என்ன சார்லட், தஞ்சாவூர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தை, யார் கூடப் பேசறீங்க?" என்கிறார்.

ராஜாஜி ஹால் பக்கம் போனால் அந்தப் படிகளை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
மீனாட்சி