அப்பாவுக்கு, கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். குளிர் இன்னும் விடவில்லை. வாடகை போக மிச்சம் குறைவுதான், ஆனாலும் சமாளிக்கிறேன்.

'முன்பின் தெரியாத அகதிகளை அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்?' என்று போனில் கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கீழ்வீட்டில் 2016-இல் வந்த சிரியாக் குடும்பம் இருக்கிறது. அந்த அம்மா சுடச்சுட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார். மேலே எள்ளும் ஏதோ மூலிகைப் பொடியும் தூவியிருக்கும். அவர்கள் இங்கே வந்து சேர்ந்ததில் ஒரு படத்துக்கும் பங்கு உண்டு அப்பா.

சிரியாவில் சண்டை தொடங்கியது 2011-இல். நாட்டைவிட்டு ஓடியவர்கள் 40 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக 2015 ஜூலையில் ஐ.நா. சொன்னது. பேப்பரில் வந்தது, அவ்வளவுதான். செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் ஆலன் குர்தி என்ற இரண்டு வயதுப் பையனின் உடல் ஒதுங்கியது. சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை, காலில் ஷூ, மணலில் பதிந்த முகம். அந்தப் படத்தைத்தான் உலகமே பார்த்தது. அவனுடைய அத்தை இருப்பது கனடாவில். அது இங்கே தேர்தல் நேரம். எல்லாக் கட்சிகளும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஜெயித்துப் பிரதமரான ட்ரூடோ 25,000 சிரியா அகதிகளைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார். 2016 பிப்ரவரி முடிவதற்குள் வந்துவிட்டார்கள். பையனோடு அவன் அம்மாவும் அண்ணனும் மூழ்கிப்போனார்கள். உலகம் பார்த்த படத்தில் அவர்கள் இல்லை, அதனால் அவர்களை யாரும் நினைப்பதும் இல்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

நம் ஊரிலும் அப்படித்தானே நடந்தது? இலங்கைப் போர் முள்ளிவாய்க்காலில் முடிந்தது 2009-இல். 2013 பிப்ரவரியில்தான் பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன் பங்கரில் உட்கார்ந்து எதையோ தின்னும் படமும், மார்பில் குண்டுக் காயத்தோடு கிடக்கும் படமும் வெளிவந்தன. அடுத்த மாதம் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தி.மு.க. மத்திய ஆட்சியைவிட்டு விலகியது. ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் இலங்கை பற்றி இன்னொரு தீர்மானம் நிறைவேற்றியதும் அந்த மாதம்தான், படம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்பது நமக்கு நான்கு வருடமாகத் தெரியுமே!

அப்புறம், தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. கைலாசநாதர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை நாம். தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆனவர்கள் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் உண்டு, இலங்கை கிடையாது. முப்பது நாற்பது வருடம் காத்திருப்பதை எந்தக் கேமரா படம் பிடிக்கும்? ரத்தமோ நெருப்போ இல்லாவிட்டால் நமக்கு அது செய்தியே இல்லை.

அடுத்த தடவை போகும்போது அவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். காலேஜ் ஃபீஸுக்குத் திண்டாடும் பிள்ளைகள் இருந்தால் எழுதுங்கள், மாதம் கொஞ்சம் என்னால் அனுப்ப முடியும். அம்மாவை முழங்கால் வலிக்கு டாக்டரிடம் கூட்டிப்போங்கள், தள்ளிப்போட விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்