அந்தப் பின்சக்கரத்தை ஒருமுறை பாருங்கள்

மதிப்பிற்குரிய விசாரணை அதிகாரிகளுக்கு,

எங்கள் மகன் போய் ஏழு மாதம் ஆகிறது. 19 வயது. இரவு எட்டரை மணிக்கு சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவன் மீது பின்னால் வந்த கார் மோதியது. பின்னால் வந்து மோதியது என்று சொல்வது நாங்கள்தான். உங்கள் அறிக்கையில் இருப்பது வேறு: “விளக்கு இல்லாமல் வந்த சைக்கிள் திடீரெனக் குறுக்கே திரும்பியதால் ஏற்பட்ட விபத்து.” அந்த ஒரு வரியோடு கோப்பை மூடிவிட்டீர்கள்.

அந்த வரி ஓட்டுநருடையது. அன்று இரவு அவர் கொடுத்த வாக்குமூலத்தில் இதே சொற்கள் இதே வரிசையில் இருக்கின்றன. அவர் பொய் சொன்னார் என்று நாங்கள் சொல்லவில்லை. பதற்றத்தில் அப்படித்தான் நடந்தது என்று அவரே நம்பியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரால் பேச முடிந்தது, எங்கள் பிள்ளையால் முடியவில்லை. அவனுக்காகப் பேச மிச்சமிருந்தவை அவனுடைய சைக்கிளும், அந்தச் சாலையும், அந்தக் காரும்தான். அவற்றை யாரும் கேட்கவில்லை. எங்கள் குறை இவ்வளவுதான்.

சைக்கிளை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். பின்சக்கரம் எட்டு போல முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. பின் மட்கார்டு மடங்கி சீட்டுக்கு அடியில் போய்ச் செருகியிருக்கிறது. முன்சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றிவிட்டால் பிரேக் கட்டையில் உரசாமல் நேராகச் சுற்றுகிறது. பெடல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. குறுக்கே திரும்பிய சைக்கிளைப் பக்கவாட்டில் அடித்திருந்தால் நடுச்சட்டமோ பெடலோ நசுங்கியிருக்க வேண்டாமா? பிரேதப் பரிசோதனை அறிக்கையிலும் பெரிய காயங்கள் முதுகிலும் பின்தலையிலும்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பார்த்தார்களா?

அப்புறம் அந்த விளக்கு. அவனுடைய ஒற்றைச் செருப்பு, உடைந்த போன், சைக்கிளின் பின்விளக்கு மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தீர்கள். பல நாள் அதைப் பிரிக்கவே எங்களுக்குக் கை வரவில்லை. ஒருநாள் இவன் அம்மா அந்த விளக்கை எடுத்து சார்ஜில் போட்டாள். சுவிட்சை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தானாகச் சிமிட்டத் தொடங்கியது. சுவிட்ச் ‘ஆன்’ பக்கம்தான் இருந்தது. அன்று ராத்திரி முழுக்க அது சிமிட்டிக்கொண்டே இருந்தது. அணைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

இதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எங்களுக்கும் தெரியும். எடுத்தவர்கள் கை பட்டு சுவிட்ச் நகர்ந்திருக்கலாம். பழைய இழை பல்பாக இருந்தால், அடிபட்ட நேரத்தில் எரிந்துகொண்டிருந்ததா அணைந்திருந்ததா என்பதை இழை வளைந்த விதத்திலிருந்தே நிபுணர்களால் பல சமயம் சொல்ல முடியும். இது எல்.இ.டி. விளக்கு, இதில் இழை இல்லாததால் அதற்கு வழியில்லை. அதனால்தான் சாலையில் கிடந்தபோதே சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்திருக்க வேண்டும் என்கிறோம். “விளக்கு இல்லாமல்” என்று எழுதும் முன் விளக்கைப் பார்க்க வேண்டும் அல்லவா?

வேகத்துக்கு வருவோம். சாலையில் டயர் தடம் இல்லை, ஆகவே அதிவேகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் வசதி) உள்ள காரில் பிரேக்கை முழுக்க மிதித்தாலும் கண்ணுக்குத் தெரியும் தடம் பெரும்பாலும் விழாது. பிரேக்கே பிடிக்காவிட்டாலும் தடம் விழாது. தடம் இல்லாததை வைத்து வேகத்தைச் சொல்ல முடியாது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்ததாக ஓட்டுநர் சொல்கிறார். அது நொடிக்கு 11 மீட்டர். 80-ல் வந்திருந்தால் நொடிக்கு 22 மீட்டர், பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ நாலு மடங்கு. உங்கள் வரைபடத்தில் கண்ணாடித் தூள் கிடந்த இடமும் இருக்கிறது, அவன் கிடந்த இடமும் இருக்கிறது. நடுவில் தூரம் மட்டும் குறிக்கப்படவில்லை. நாங்கள் டேப் பிடித்து அளந்தோம். 31 மீட்டர். மோதலில் தூக்கி எறியப்பட்ட தூரத்தை வைத்து வேகத்தைக் கணிக்கும் முறை இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட வேண்டியது நாங்களல்ல. அது தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

கார் மூன்றாம் நாளே வீடு போய்விட்டது. இரண்டே வாரத்தில் பம்பரும் முன்கண்ணாடியும் புதிதாக மாறிவிட்டன. இப்போதைய கார்கள் பலவற்றில் மோதலுக்கு முந்தைய சுமார் 5 நொடிகளின் வேகத்தையும் பிரேக்கையும் பதிந்து வைக்கும் கருவி உண்டு. சைக்கிள் போன்ற லேசான பொருள் மீது மோதினால் பதிவாகாமலும் போகலாம், பதிவானது பின்னால் அழிந்தும் போகலாம். ஆனால் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லையே! ஓட்டுநரின் போன் பதிவுகளையும் கேட்டு வாங்கவில்லை. அந்த வளைவில் ஒரு கட்டடத்தின் வாசலில் கேமரா இருக்கிறது. ஒன்பதாம் நாள் நாங்களே போய்க் கேட்டோம். ஏழு நாளுக்கு மேல் பதிவு நிற்காது என்றார்கள். அதுவரை அதைக் கேட்டு யாருமே வரவில்லையாம்.

நிலையத்தில் ஒரு அதிகாரி ஆறுதலாகச் சொன்னார், “இதுபோல தினமும் நிறைய நடக்குதுங்க” என்று. நல்ல மனதோடுதான் சொன்னார். உண்மைதான், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலையில் சாகிறார்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே இதுதான். நிறைய நடக்கிறது என்பதற்காக ஒவ்வொன்றையும் குறைவாகப் பார்க்கலாமா ஐயா?

‘விபத்து’ என்ற சொல்லும் எங்களை உறுத்துகிறது. முதல் மணி நேரத்திலேயே அதை எழுதிவிட்டீர்கள். யார்மேலும் தப்பில்லை என்ற முடிவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1896-ல் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண் கார் மோதி இறந்தார். கார் வேகமாக வந்தது என்றார்கள் பார்த்தவர்கள், மெதுவாகத்தான் வந்தேன் என்றார் ஓட்டியவர். ‘விபத்து மரணம்’ என்று தீர்ப்பாயிற்று. தடுத்திருக்கக் கூடியவற்றை இப்படி அழைக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ் 2001-ல் அந்தச் சொல்லையே தன் பக்கங்களிலிருந்து விலக்கியது. நீங்கள் விலக்க வேண்டாம். விசாரித்து முடித்தபிறகு எழுதுங்கள், போதும்.

அந்த ஓட்டுநரைச் சிறைக்கு அனுப்பச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. எல்லாம் பார்த்தபிறகும், எங்கள் பிள்ளைமேல்தான் தப்பு என்று தெரிந்தால் அதையும் தாங்கிக்கொள்வோம். பார்க்காமலே சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. கோப்பைத் திறந்து, இதுவரை இதில் கை வைக்காத ஒரு அதிகாரியிடமும் ஒரு தடயவியல் நிபுணரிடமும் கொடுங்கள். என்னென்ன பார்த்தார்கள், எதைப் பார்க்க முடியாமல் போயிற்று என்று எங்களுக்கு எழுத்தில் தாருங்கள்.

சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. பின்சக்கரத்தின் கம்பிகளில் காரின் பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. தூசி படியாமல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம், துடைக்கவில்லை. நீங்கள் எந்த நேரம் வந்தாலும் கதவைத் திறப்போம்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா, அப்பா