தீர்ப்பதும் ஆற்றுவதும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கண்புரை எடுத்த பிறகு உன் கையெழுத்து மறுபடியும் கல்லூரி நாட்களில் இருந்தது போலவே ஆகிவிட்டது என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். இங்கே மழை பிந்திவிட்டது. கிணற்றில் தண்ணீர் இரண்டு உறை கீழே இறங்கிவிட்டது. மற்றபடி நலம்.

நீ மொழிபெயர்க்கும் கதையில் ஒரே வினைச்சொல் ஓரிடத்தில் உதவிக்குப் பதில் செய்வதையும், வேறோரிடத்தில் பழி வாங்குவதையும் குறிக்கிறது என்றும், தமிழில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் உண்டா என்றும் கேட்டிருந்தாய். இரண்டு நாட்களாக அதே நினைப்புதான்.

முதலில் வந்து நின்றது ‘தீர்’. கடனைத் தீர்க்கிறோம், கணக்கைத் தீர்க்கிறோம், வஞ்சத்தையும் தீர்க்கிறோம். நோய் தீர்கிறது, தாகம் தீர்கிறது. வழக்கை முடித்துவைப்பது தீர்ப்பு. நிலத்துக்குக் கட்டுவது தீர்வை. ஆளைக் கொன்றுவிட்டால் தீர்த்துக்கட்டிவிட்டான் என்கிறோம். இனி மிச்சமில்லை என்பதுதான் இத்தனைக்கும் அடியில் கிடக்கும் பொருள். இன்னொரு வினையின் பின்னால் ஒட்டிக்கொண்டால் அதற்கு வரும் வேகத்தைப் பார்: ‘கொடுத்தே தீருவேன்’, ‘பழிவாங்கியே தீருவேன்’. கடன்பட்டவனும் பகை கொண்டவனும் ஒரே சொல்லை வைத்துத்தான் சபதம் செய்கிறார்கள்.

‘பழிவாங்கு’ என்பதையும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கடனையும் வாங்குகிறோம், பழியையும் வாங்குகிறோம். பழி என்றால் நிந்தை, அவப்பெயர். பட்டதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றுதான் அவன் நினைத்துக்கொள்கிறான். நம் மொழி அவனை வாங்குகிறவனாகவே வைத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து சொல்லிவரும் சொல். இந்தக் கிழமைதான் காதில் விழுந்தது.

வள்ளுவர் ஆள்வது ‘ஒறுத்தல்’, அதாவது தண்டித்தல். ‘இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்’ என்பதைப் பள்ளியில் ஒப்பித்தோமே, அதில் ‘செய்தல்’ என்று நிறுத்தாமல் ‘செய்து விடல்’ என்கிறார். அவர் செய்த தீமையையும் நாம் செய்த நன்மையையும் மறந்துவிடுவது என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். பாகப்பிரிவினையில் எனக்கு நடந்தது உனக்குத் தெரியும். ஒருநாள் கேட்டே தீருவேன் என்று எத்தனை வருடம் உன்னிடம் புலம்பியிருப்பேன். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், அன்று எனக்கு அநியாயம் செய்த அதே மனிதர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். கை நடுக்கத்தில் பிசைந்த சோறு வாய்க்குப் போகாமல் சட்டையில் விழுந்தது. நான் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, பரிமாறுகிறவரிடம் ஒரு ஸ்பூன் வாங்கிக் கொடுத்தேன். அவர் தலை நிமிரவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் கிடந்தபோது அந்தக் கிணற்றடி நிலம்தான் கண்ணுக்குள் நின்றது. நன்னயம் செய்ய முடிந்தது நண்பா, விடத்தான் வரவில்லை.

‘இறு’ என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரி கட்டுவது இறை இறுத்தல். வரி நீக்கிய நிலம் இறையிலி. விடை இறுத்தல் என்பதும் அதே சொல்தான். இன்று யாரும் கடனை இறுப்பதில்லை, உன் கதைக்கு அது உதவாது.

உதவிக்கு மட்டும் ‘தீர்’ ஒட்ட மறுக்கிறது. நன்றியைத் தீர்த்தான் என்று நீ எங்காவது கேட்டிருக்கிறாயா? நன்றிக்கடன் என்று கடனை நடுவில் கொண்டுவந்தால்தான் ‘தீர்’ வருகிறது. அதற்கு வள்ளுவர் எடுப்பது ‘ஆற்று’, ஈடுசெய் என்ற பொருளில். செய்யாமல் செய்த உதவிக்கு ‘வையகமும் வானகமும் ஆற்றல் அரிது’ என்கிறார். மழைக்கு உலகம் ‘என்னாற்றும் கொல்லோ’ என்று கேட்கிறார். பசியாற்றுவதும் புண்ணை ஆற்றுவதும் இதே ஒலிதான்.

அம்மா பக்கத்து வீட்டில் அரிசி கைமாற்று வாங்குவாள், நினைவிருக்கிறதா? அவர்கள் படியைத் தலை தட்டி அளந்து தருவார்கள். அப்பாவுக்குச் சம்பளம் வந்ததும் அம்மா அதே படியைக் குவித்து அளப்பாள். உச்சியிலிருந்து உருண்டு முறத்தில் விழுவதையும் கூட்டி அவர்கள் பாத்திரத்திலேயே போட்டுவிடுவாள். வாங்கிய அளவுக்குக் கொடுத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். “அரிசிக்குப் படி இருக்கிறது. அன்றைக்கு நம் வீட்டில் அடுப்பு எரிந்ததே, அதை எதில் அளப்பது?” என்றாள். கைமாற்று, கைம்மாறு என்ற இரண்டு சொற்களும் எனக்கு அந்த முறத்தில்தான் சேர்ந்து கிடக்கின்றன.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் ‘பதிலுக்குச் செய்தாள்’ பொருந்தும். ஆனால் அதில் சூடும் இல்லை, ஈரமும் இல்லை. என் பேச்சைக் கேட்பாயானால் பிரித்தே எழுது. வளர்த்தவளுக்கு அந்தப் பெண் செய்வதைக் கைம்மாறு என்று வை. கடைசி அத்தியாயத்தில் ‘பழிதீர்த்தாள்’ என்றே போடு. மூலத்தில் ஒரே சொல்லாக இருப்பதை முன்னுரையில் இரண்டு வரியில் சொல்லிவிடு.

அந்த அத்தியாயத்தை அடுத்த தபாலில் அனுப்பு. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள், ராத்திரியில் எழுதாதே.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்